தொற்றிய வழி

கோரையாற்றில் தண்ணீர் நின்று நாற்பது நாள்.
அறுவடைத் தாளில் கிடை போட்டிருந்தார் சேவுகன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு செம்மறி,
ஒரு பழைய மொபெட், சுருட்டிய வலை,
ராத்திரிக்கு இவ்வளவு என்று
வயல்காரரோடு பேச்சு.

நான் போனபோது வரப்பில் ஊரே நின்றது.
பவுனாம்பாள் தன் ஆட்டின் வாலைத் தூக்கிக் காட்டினாள்.
முடியில்லாத இடமெல்லாம்
பட்டாணி பட்டாணியாய்.
"வந்தவன் கொண்டாந்த அம்மை இது."
சேவுகன் தலையை ஆட்டினார்.
"செம்மறிக்கு வர்றது வெள்ளாட்டுக்கு வராது தாயி.
அது வேற, இது வேற."

அதைத்தான் கல்லூரியிலும் படித்தேன்,
'பெரும்பாலும்' என்று ஒரு சொல் சேர்த்து.
தேர்வில் அந்தச் சொல்லுக்கு அரை மதிப்பெண்.

கிருமிகள் இரண்டும் அக்கா தங்கை.
மாட்டுக்குத் தோல்கழலை கொடுப்பது மூன்றாவது.
ரத்தத்தைச் சோதித்தால் மூன்றுக்கும் ஒரே முகம்.
மரபணுவைப் படித்தால்தான்
எது எந்த வீட்டில் பிறந்தது என்று தெரியும்.
பிறந்த வீட்டிலேயே கிடக்கும் என்று
அதில் எங்கும் எழுதியிருக்காது.

"மனுசருக்கு ஒட்டுமா டாக்டரம்மா?"
ஒட்டாது என்றேன்.
கூட்டத்தில் பாதி கலைந்தது.

பொருக்கு எடுத்தேன்.
செம்மறியில் ஆறு, வெள்ளாட்டில் நான்கு.
ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி
மன்னார்குடியில் சென்னை பஸ் ஏறியது,
ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால்,
யார் வீட்டுக் கல்யாணத்துத் தாம்பூலப் பைகளுக்கோ நடுவில்.

ஆனால் அதற்கு முன்பே, அந்தக் காலையிலேயே
ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்தபோது
ஒரு தாய்ச்செம்மறி.
மற்றவற்றில் முகம், தொடை, வாலடி;
எல்லாம் புதுசு, சிவப்பு.
இதற்கு மடியில் மட்டும்.
இடது காம்பைச் சுற்றி
ஒரு சின்ன வாய் அளவுக்கு,
காய்ந்து கறுத்திருந்தது.

"இதோட குட்டி எங்கே?"
"செத்தே பொறந்துச்சு தாயி. இப்ப இதுதான்."
கூடாப்பைத் தூக்கினார்.
உள்ளே காது நீண்ட வெள்ளாட்டுக் குட்டி ஒன்று
உதட்டில் பொருக்கோடு
என் கையுறை விரலைச் சப்பத் தேடியது.

பவுனாம்பாளின் குட்டி.
தாய் காய்ச்சலில் போன மறுநாள்
முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்து
அவளேதான் கிடையில் விட்டாள்.
அவர் காசு வாங்கவில்லை.
வாசனை பேதம் தெரியக் கூடாது என்று
செம்மறியின் பாலையே குட்டியின் முதுகில் தடவி,
மூன்று ராத்திரி தாயைப் பிடித்து நின்று
பழக்கியிருக்கிறார்.

"அந்தக் காய்ச்சல்
கிடை இறங்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"
கேட்டிருக்க வேண்டாம்.
கேட்பதுதான் என் வேலை.
பவுனாம்பாள் கையிலிருந்த வாலை விட்டாள்.
ஆடு நகர்ந்து போய் ஒரு கிளுவைக்கிளையை எட்டியது.

பதினோரு குட்டிகளைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.
மிச்சத்துக்கு ஊசி.
இரண்டு கூட்டத்தையும் பிரித்து வைத்தோம்,
தொட்டியும் வேறு வேறு.
நாற்பத்தைந்து நாள் கழித்துக் கிடை தெற்கே போனது.

சித்திரையில் அறிக்கை வந்தது.
பத்து மாதிரியிலும் ஒரே கிருமி,
வெள்ளாட்டு அம்மை.

கணினிப் படிவத்தில் ஒரு கட்டம்: தொற்றிய வழி.
தீவனம், தண்ணீர், பூச்சி, நேரடித் தொடர்பு, தெரியவில்லை.
'பால்' என்று அடித்துப் பார்த்தேன்,
கட்டம் சிவந்து திருப்பித் தள்ளியது.
நேரடித் தொடர்பு என்று சொடுக்கிவிட்டு
சேவுகனுக்குப் போன் போட்டேன்.

வேதாரண்யம் பக்கம் இருந்தார். காற்று இரைந்தது.
சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.
வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை.
"குட்டி?" என்றேன்.

"கூடத்தான் வருது.
வெள்ளாடுன்னா தலையத் தூக்கி
எலை தழை எட்டுமில்ல?
இது செம்மறி கணக்கா
குனிஞ்சே நடக்குது தாயி.
முன்னாடி போறதோட வாலைப் பார்த்துக்கிட்டு."